6 மில்லிமீட்டர் முடிச்சும் நான் தொலைத்த 5 வாரமும்

பயாப்ஸி ரிப்போர்ட் கைக்கு வந்த நாளுக்கும் முதல் கீமோ ஏறிய நாளுக்கும் நடுவில் எனக்கு 8 வாரம் ஓடிப்போனது. உணவுக்குழாய்ப் புற்றுநோய் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது, அதில் குழப்பமே இல்லை. அது நிணநீர் முடிச்சுகளுக்குப் போயிருக்கிறதா என்ற ஒரே கேள்விக்குப் பதில் தேடித்தான் அத்தனை நாளும் போனது, அதில் 5 வாரம் சுத்தமாக வீண். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை (கொஞ்சம் சொல்வேன்). தனியாக இருப்பவன் நான், ஆஸ்பத்திரிக்குக் கூட வர ஆள் கிடையாது, தூரத்தில் இருக்கும் அக்கா போனில் மட்டும். எந்தக் கேள்வியை எந்த இடத்தில் கேட்க வேண்டும் என்று ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். நான் மருத்துவர் இல்லை, பட்டுத் தெரிந்துகொண்டதை மட்டும் சொல்கிறேன்.

ஆரம்பம் பலருக்கும் வருவது போலத்தான். சாப்பிடும்போது நெஞ்சில் ஏதோ நிற்கிற மாதிரி இருக்கும், ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் இறங்கிவிடும். அசிடிட்டி என்று நானே தீர்ப்பு எழுதி 3 மாதம் மாத்திரை போட்டேன். திட உணவு இறங்காமல் எல்லாவற்றையும் கரைத்துக் குடிக்கிற நிலை வந்து, எடை 7 கிலோ இறங்கிய பிறகுதான் எண்டோஸ்கோபி. குழாயின் கீழ்ப்பகுதியில் கட்டி, ஸ்குவாமஸ் செல் வகை (குழாயின் உள்தோல் செல்லில் தொடங்குவது). அந்த 3 மாதத்தை 5 வாரக் கணக்கில் நான் சேர்க்கவில்லை, அந்த நஷ்டம் முழுக்க என் தலையில்தான்.

உடம்பில் எங்காவது புண் வந்தால் அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டும் இல்லையா, அப்படி வீங்குவதுதான் நிணநீர் முடிச்சு. உடம்பு முழுக்க நூற்றுக்கணக்கில் இருக்கிறது. உணவுக்குழாயின் விசேஷம் என்னவென்றால், அதன் சுவரில் உள்தோலுக்கு அடுத்த அடுக்கிலேயே நிணநீர் நாளங்கள் வலை போலப் பின்னி மேலும் கீழுமாக நீளவாக்கில் ஓடுகின்றன. அதனால் கட்டி கீழே இருந்தாலும் நோய் கழுத்து முடிச்சில் போய் உட்காரலாம், மேலே இருந்தாலும் வயிற்றுப் பக்கம் இறங்கலாம், பக்கத்தில் இருக்கும் முடிச்சை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவவும் செய்யலாம். போதாததற்கு, குடலுக்கு இருப்பது போன்ற மெல்லிய வெளியுறை உணவுக்குழாயின் பெரும்பகுதிக்குக் கிடையாது. எனவே தேடுவதென்றால் கழுத்திலிருந்து மேல்வயிறு வரைக்கும் தேட வேண்டும். இந்த ஒரு விஷயம் முதலிலேயே தெரிந்திருந்தால் என் முதல் ஸ்கேன் காசு மிச்சம்.

ஏனென்றால் எனக்கு எழுதிக் கொடுத்த சீட்டில் நெஞ்சு சிடி என்று மட்டும்தான் இருந்தது. கான்ட்ராஸ்ட் மருந்து (உள்ளே இருப்பவை படத்தில் பிரிந்து தெரிய ஊசியில் ஏற்றுவது) ஏற்றாமல் எடுத்தார்கள், கழுத்தும் இல்லை, வயிறும் இல்லை. ரிப்போர்ட்டின் கடைசிக்கு முந்தைய வரியில், குறிப்பிடத்தக்க அளவுக்குப் பெரிதான நிணநீர் முடிச்சுகள் இல்லை என்று போட்டிருந்தது. அந்த வரியை எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. அக்காவுக்குப் போன் போட்டு "பரவலக்கா" என்றேன், அந்தப் பக்கம் அழுகைச் சத்தம்தான் கேட்டது. பல நாளுக்குப் பிறகு அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். முதலில் பார்த்த டாக்டரும் அதே வரியை வைத்துக்கொண்டு நேராக ஆபரேஷனுக்குப் போய்விடலாம் என்று தேதி குறித்துவிட்டார்.

வேறு ஒருவரிடமும் காட்டலாமே என்று அக்கா நச்சரித்ததால்தான் புற்றுநோய்க்கென்றே இருக்கும் இன்னோர் ஆஸ்பத்திரிக்குப் போனேன், அதற்குள் 2 வாரம் போயிருந்தது. அங்கே இருந்த அறுவை மருத்துவர் அம்மா ரிப்போர்ட்டைப் படிக்கவே இல்லை. "சிடி எங்க சார்?" என்றார். நான் பெரிய உறையிலிருந்து ஃபிலிமை எடுத்து நீட்டினேன். "இது இல்ல, டிஸ்க். கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாக்கணும்." அது என்னிடம் இல்லை, யாரும் கொடுக்கவும் இல்லை, நானும் கேட்கவில்லை. ஃபிலிமில் தெரிவது அவர்கள் பொறுக்கி எடுத்த சில படங்கள்தான், டிஸ்கில் எல்லாக் குறுக்குவெட்டும் இருக்கும். எந்த ஸ்கேன் எடுத்தாலும் டிஸ்க் கைக்கு வந்த பிறகு இடத்தை விட்டுக் கிளம்புங்கள். அப்புறம் அவர் சொன்னதுதான் என் தூக்கத்தைத் திரும்பவும் எடுத்துக்கொண்டு போனது. "சிடி முடிச்சோட அளவைத்தான் சொல்லும் சார், உள்ள என்ன இருக்குன்னு சொல்லாது."

விளக்கினார். முடிச்சின் குறுக்களவு 1 சென்டிமீட்டருக்கு மேல் போனால் சந்தேகப்பட வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். ஆனால் 5, 6 மில்லிமீட்டர் முடிச்சுக்குள்ளும் புற்று செல்கள் இருக்கலாம், அது சிடியில் சாதாரண முடிச்சாகவே தெரியும். அதே மாதிரி சளியோ பழைய நோய்த்தொற்றோ முடிச்சை ஒன்றரை சென்டிமீட்டருக்கு வீங்க வைத்திருக்கலாம், அதில் புற்று துளிகூட இருக்காது. 'பெரிதான முடிச்சு இல்லை' என்று எழுதியிருந்ததை நான் 'பரவவில்லை' என்று படித்திருக்கிறேன். ரிப்போர்ட் எழுதியவர் பொய் சொல்லவில்லை, நான்தான் அவர் சொல்லாததையும் சேர்த்துப் படித்துவிட்டேன். கழுத்து, நெஞ்சு, வயிறு மூன்றையும் சேர்த்து கான்ட்ராஸ்ட்டோடு மறுபடி சிடி. முதல் சிடிக்குக் கொடுத்த காசு போனது போனதுதான். கான்ட்ராஸ்ட்டுக்கு முன்னால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை கேட்பார்கள், அதை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டால் ஒரு நாள் மிச்சம். ரத்தப் பரிசோதனை என்றதும் நான் அசட்டுத்தனமாக, ரத்தத்திலேயே பரவலைக் கண்டுபிடிக்க முடியாதா என்றும் கேட்டேன். முடிச்சுக்குப் போயிருக்கிறதா என்று நம்பிச் சொல்லக்கூடிய ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லையாம்.

அடுத்தது பெட் ஸ்கேன். இதில் என் பங்குக்கு ஒரு கூத்து நடந்தது. பெட் ஸ்கேனில் கதிரியக்கம் சேர்த்த ஒருவகைச் சர்க்கரையை ஊசி மூலம் ஏற்றுவார்கள், எந்தச் செல் அதிகமாகச் சர்க்கரை தின்கிறதோ அந்த இடம் படத்தில் எரியும். ரத்தத்தில் ஏற்கெனவே சர்க்கரை நிறைய இருந்தால் ஊசிச் சர்க்கரைக்குப் போட்டி வந்துவிடும், படம் மங்கிப்போகும். நான் 11 வருடமாகச் சர்க்கரை நோயாளி. கட்டியின் பதற்றத்தில் மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை, விழுங்கவும் முடியவில்லை. காலையில் போய் நின்றால் சர்க்கரை 238. திருப்பி அனுப்பிவிட்டார்கள். முன்பணம் திரும்பாது என்றார்கள். எனக்குக் கோபம் வந்து சத்தம் போட்டேன். அங்கிருந்த டெக்னீஷியன் பொறுமையாகச் சொன்னார், அந்த மருந்தில் இருக்கும் கதிரியக்கப் பொருளான ஃப்ளூரின்-18 ஏறக்குறைய 110 நிமிடத்தில் பாதியாகிவிடும், உங்களுக்காக எடுத்து வைத்திருந்து நாளைக்குப் போட முடியாது சார் என்று. வாயடைத்துப்போனேன். இன்னொரு தேதி கிடைக்க 9 நாள் ஆனது.

சர்க்கரை இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். தேதி வாங்கும்போதே சர்க்கரை எவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், பல இடங்களில் 200-க்கு மேல் போனால் ஒத்திப்போடுகிறார்கள். இன்சுலின் எப்போது போடலாம், மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டுமா என்று கேளுங்கள், அந்த மாத்திரை குடலை எரிய வைத்துப் படத்தைக் குழப்பும் என்பதால் சில இடங்களில் 48 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். 4 முதல் 6 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் குடிக்கலாம், முந்தின நாள் ஓட்டம், உடற்பயிற்சி, பளு தூக்கல் கூடாது, தசை எரியும். ஊசி போட்ட பிறகு ஒரு மணி நேரம் பேசாமல் படுத்திருக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரம் எனக்கு மிக நீளமாக இருந்தது.

பெட் ரிப்போர்ட் வாட்ஸாப்பில் வந்தது. பிரித்துப் படித்திருக்கக் கூடாது, யார்தான் படிக்காமல் இருப்பார்கள்? கட்டி எரிகிறது, அது எதிர்பார்த்ததுதான். நெஞ்சின் நடுவிலும் இரண்டு நுரையீரல்களின் வேர்ப்பகுதியிலும் 5 முடிச்சுகள் எரிகின்றன என்றும், பரவலாக இருக்க வாய்ப்புண்டு, திசுப் பரிசோதனையோடு ஒப்பிடவும் என்றும் இருந்தது. என் கண்ணில் 'பரவல்' மட்டும்தான் விழுந்தது. நானே கூட்டிக் கழித்து நான்காம் நிலை என்று முடிவுக்கு வந்தேன். டாக்டரைப் பார்க்க 6 நாள் இருந்தது. அந்த 6 நாளில் நான் செய்த முட்டாள்தனங்களை எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். வேலையை விடுவதாகக் கடிதம் அடித்து வைத்தேன், நல்லவேளையாக அனுப்பவில்லை. வங்கியில் போட்டிருந்த வைப்புத் தொகையைப் பாதியில் உடைத்தேன், வட்டி போனது. சாப்பாட்டைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டேன், எதற்குச் சாப்பிட வேண்டும் என்று. இன்னும் 3 கிலோ இறங்கியது. பணத்தைவிட அந்த 3 கிலோதான் பின்னால் கீமோவின்போது என்னைப் பழிவாங்கியது. அக்காவிடம் எதையும் சொல்லவில்லை, போனை எடுத்து "நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன்.

ஏழாம் நாள் அந்த டாக்டரம்மா படத்தைத் திரையில் ஓட்டிக்கொண்டே, "சின்ன வயசுல உங்களுக்கு டிபி வந்திருக்கா சார்?" என்று கேட்டார். வந்திருக்கிறது. 19 வயதில், பல மாதம் மருந்து சாப்பிட்டுக் குணமாகி, அதையே மறந்துவிட்டேன். முதல் நாள் நிரப்பிய படிவத்தில் 'முன்பு வந்த நோய்கள்' என்ற இடத்தில் சர்க்கரை என்று மட்டும் எழுதியிருந்தேன். 30 வருடத்துக்கு முந்தைய காசநோய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்ற நினைப்பு. சம்பந்தம் இருக்கிறது. பெட் ஸ்கேனுக்குப் புற்றைத் தெரியாது, சர்க்கரை தின்கிற செல்லைத்தான் தெரியும், அழற்சி செல்களும் நன்றாகவே சர்க்கரை தின்னும். காசநோய், சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோய், அண்மையில் வந்த நிமோனியா எல்லாமே முடிச்சை எரிய வைக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சமமாக எரிவது பழைய தொற்றாக இருக்கலாம் என்பதற்கு ஒரு குறிப்பு, ஆனால் குறிப்பை நம்பி விட்டுவிட முடியாது, ஊசி போட்டுத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

அதே நாளில் இன்னொன்றும் சொன்னார். இது எனக்குப் புதிதாக இருந்தது. கட்டி பெரிதாக எரியும்போது அதை ஒட்டி இருக்கும் சின்ன முடிச்சு எரிந்தாலும் அந்த வெளிச்சத்தில் காணாமல் போய்விடுமாம். தூரத்தில் கல்லீரல், எலும்பு, கழுத்து என்று பரவியிருந்தால் கண்டுபிடிப்பதில் பெட் கெட்டிக்காரன், கட்டிக்குப் பக்கத்திலேயே இருப்பதைப் பிடிப்பதில் சோப்ளாங்கி. அதற்குத்தான் எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட். வழக்கமான எண்டோஸ்கோபிக் குழாயின் நுனியில் அல்ட்ராசவுண்ட் கருவி இருக்கும், உள்ளே இருந்தபடியே சுவரின் அடுக்குகளையும் வெளியே ஒட்டிக்கொண்டிருக்கும் முடிச்சுகளையும் பார்க்கலாம். கட்டி சுவரில் எத்தனை ஆழம் போயிருக்கிறது என்பதும் இதில்தான் சரியாகத் தெரியும், ஆழம் கூடக் கூட முடிச்சுக்குப் போயிருக்கும் வாய்ப்பும் கூடும். முடிச்சு உருண்டையாக, கருப்பாக, ஓரம் தெளிவாக, 1 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் சந்தேகம். இந்த நான்கும் சேர்ந்து எல்லா முடிச்சிலும் இருக்காது, அதனால் அங்கேயே ஊசியால் செல்லை உறிஞ்சி எடுக்கலாம்.

எனக்குக் குழாய் குறுகிப்போயிருந்ததால் வழக்கமான கருவி கட்டியைத் தாண்டி இறங்கவில்லை. இது உங்களுக்கும் நடக்கலாம், முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: கருவி இறங்காவிட்டால் என்ன செய்வீர்கள்? சில இடங்களில் 'முடியவில்லை' என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இங்கே மூச்சுக்குழாய்க்குப் பயன்படுத்தும் மெல்லிய அல்ட்ராசவுண்ட் கருவியை உணவுக்குழாய் வழியாக விட்டுப் பார்த்தார்கள். அதே கருவியால் மூச்சுக்குழாய் வழியாக நெஞ்சில் எரிந்த முடிச்சுகளிலும் ஊசி போட்டார்கள். ஒரே மயக்கத்தில் இரண்டும் முடிந்தது. ஊசி கட்டிக்குள் புகுந்து முடிச்சுக்குப் போகக் கூடாது, போனால் கட்டியின் செல் ஊசியில் ஒட்டிக்கொண்டு வந்து முடிச்சில் புற்று இருப்பதாகத் தப்புக் கணக்கு காட்டும். அதனால் கட்டியைத் தாண்டி இரைப்பைப் பக்கம் போய் அங்கிருந்து குத்தினார்களாம். தொண்டை 2 நாள் கரகரத்தது, வேறு பெரிய வலி எதுவும் இல்லை.

முடிவு 5 நாளில் வந்தது. நெஞ்சில் எரிந்த முடிச்சுகளில் புற்று இல்லை, பழைய காசநோய் விட்டுப்போன மாதிரியான கிரானுலோமா (அழற்சி செல்களின் சின்னத் திரள்), இப்போது நோய்க்கிருமி எதுவும் இல்லை. மேல்வயிற்றில், இரைப்பையின் இடது ரத்தக்குழாய்க்குப் பக்கத்தில், முதல் சிடி அந்தப் பக்கமே போகாத, இரண்டாவது சிடி கண்டுகொள்ளாத, பெட்டில் எரியாத ஒரு 6 மில்லிமீட்டர் முடிச்சில் புற்று. நான் 6 நாள் சாகக் கிடந்தது ஒன்றுமில்லாததற்கு. நிம்மதியாகத் தூங்கினேனே ஓர் இரவு, அதுவும் ஒன்றுமில்லாததற்குத்தான். அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒரு மாதிரி பார்த்தார்.

ஊசி ரிப்போர்ட் படிக்கும்போது ஒரு சொல்லைத் தேடுங்கள். மாதிரி போதுமானதாக இருந்ததா, அதில் நிணநீர் செல்கள் தெரிந்தனவா என்று எழுதியிருக்க வேண்டும். 'புற்று செல் இல்லை' என்று மட்டும் இருந்தால் ஊசி முடிச்சுக்குள் போனதா, வெறும் ரத்தத்தை உறிஞ்சியதா என்று தெரியாது. நான் கேட்டேன். கேட்டபோது ஓர் இளம் டாக்டர் முகம் சுளித்தார், அது பரவாயில்லை.

ஒரே ஒரு முடிச்சுக்கு இத்தனை பாடு ஏன் என்று அக்கா கேட்டாள். எனக்குக் கட்டி சுவரின் வெளியடுக்கு வரை போயிருந்ததால், அந்த முடிச்சு இல்லாவிட்டாலும் முதலில் கீமோவும் கதிர்வீச்சும், அப்புறம்தான் ஆபரேஷன் என்றே சொல்லியிருப்பார்கள். ஆனால் கதிரை எங்கே வரைக்கும் பாய்ச்சுவது என்பது அந்த முடிச்சை வைத்துத்தான் முடிவானது, ஆபரேஷனில் எதை எல்லாம் சுத்தம் செய்வது என்பதும். எண்ணிக்கையிலும் விஷயம் இருக்கிறது, முடிச்சுப் பரவலை அதை வைத்துத்தான் படி பிரிக்கிறார்கள்: புற்று இருப்பது 1 அல்லது 2 முடிச்சு என்றால் என்1, 3 முதல் 6 என்றால் என்2, 7 அல்லது அதற்கு மேல் என்றால் என்3. நெஞ்சில் எரிந்த 5 முடிச்சுகளையும் நம்பிக் கணக்குப் போட்டிருந்தால் ஆபரேஷனே வேண்டாம் என்று வேறு வழியில் போயிருக்கவும் வாய்ப்புண்டு. 2012-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வான கிராஸ் முறைப்படிதான் எனக்குச் சிகிச்சை, வாரம் ஒன்றாக 5 கீமோ, கூடவே 23 நாள் கதிர்வீச்சு. அந்தச் சிகிச்சையின் கதை தனி, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். வயிற்றில் உணவு செலுத்தும் டியூப் போட்டுத்தான் கடைசி 2 வாரம் தள்ளினேன், அந்த 3 கிலோவை நினைத்துக்கொண்டே.

ஆபரேஷன் முடிந்து வந்த ரிப்போர்ட்டில் 23 முடிச்சுகள் எடுத்துப் பார்த்ததாக இருந்தது. குறைந்தது 15 முடிச்சாவது எடுத்துப் பார்த்திருக்க வேண்டும் என்று பரவலாகச் சொல்கிறார்கள், உங்கள் ரிப்போர்ட்டிலும் அந்த எண்ணைப் பாருங்கள். 22-இல் ஒன்றும் இல்லை. மேல்வயிற்று முடிச்சில் பெரும்பாலும் தழும்பு, நடுவில் கொஞ்சம் உயிரோடு இருந்த செல்கள். "முழுசா போகலையா டாக்டர்?" என்றேன். "போயிடுச்சு சார், வெளிய எடுத்துட்டோமே" என்றார்.

இப்போது 14 மாதம் ஆகிறது. போன மாதம் குரல் கம்மியது, குரல்நாண் நரம்பை ஒட்டிய முடிச்சு பெருத்தால் குரல் மாறும் என்று தெரிந்து வைத்திருந்ததால் ஒரு வாரம் வைத்துக்கொண்டிருக்காமல் மறுநாளே போய்க் காட்டினேன், கழுத்தில் அல்ட்ராசவுண்ட் பார்த்தார்கள், சாதாரணச் சளிதான். அடுத்த சிடி 3 வாரத்தில். கிரியாட்டினின் எடுத்தாகிவிட்டது, படிவத்தில் டிபி என்று கொட்டை எழுத்தில் எழுதியாகிவிட்டது. ரிப்போர்ட்டை வாட்ஸாப்பில் அனுப்ப வேண்டாம், நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றும் சொல்லிவிட்டேன். இந்த முறை அக்கா கூட வருகிறாள்.